வெள்ளிக்கிழமை வரைக்கும்

“அந்தக் கை இல்லம்மா. பொம்பளைங்களுக்கு இடது கை” என்றார் பூசாரி.

எழிலரசி வலது கையை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள். மஞ்சள் தண்ணீரில் நனைந்த நூல் மணிக்கட்டில் சில்லென்று பட்டது. மூன்று முடிச்சு விழுந்தது. முடிச்சுக்குள் ஒரு மஞ்சள் துண்டும் இரண்டு வேப்பிலையும் செருகியிருந்தன. பூசாரி அடுத்த கைக்குப் போய்விட்டார். பம்பைக்காரர் காதோரமாக நின்று அடித்துக்கொண்டிருந்தார்.

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோயில் வாசலில் யாராவது தட்டோடு வந்தால் கை தானாக நீண்டுவிடும். விபூதியா, குங்குமமா, சுண்டலா, கயிறா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கிய பிறகுதான் பார்ப்பார்கள். எழிலரசியும் அப்படித்தான் பார்த்தாள். பக்கத்தில் கை நீட்டிக்கொண்டிருந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?”

“நான் இந்த ஊர் இல்லீங்க. திருவண்ணாமலை. மூஞ்சி கழுவத் தண்ணி இருக்குமானு பாக்க வந்தேன்.”

“மூஞ்சி கழுவ வந்தவ எதுக்குக் காப்பு கட்டிக்கின?”

“சும்மா கயிறுனு நெனச்சேன்.”

“அடிப்பாவி” என்றாள் அவள். பம்பைச் சத்தத்துக்கு மேல் குரலை எடுத்துக் கத்தினாள். “யோவ் மாமா, நிறுத்துய்யா. அசலூர்ப் பொண்ணுக்குக் கட்டிட்ட பாரு.”

பம்பை நின்றது. அவ்வளவு சத்தம் நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேப்பந்தாங்கலில் நிற்க வேண்டும் என்று எழிலரசியும் அவள் புருஷன் சக்திவேலும் நினைத்து வரவில்லை. அப்படி ஒரு ஊர் இருப்பதே அவளுக்கு அன்று மதியம்தான் தெரியும். சேத்துப்பட்டிலிருந்து குறுக்கு வழியாக வந்து கீழ்பென்னாத்தூர் சாலையைப் பிடிக்கிற நேரத்தில் போன் வந்தது. வீட்டில் தங்கியிருந்த வாரங்கல்காரர்கள்தான். குழந்தை தூங்குகிறது, இன்னும் கொஞ்சம் நேரம் இருந்துவிட்டுக் கிளம்புகிறோம் என்றார்கள். சக்திவேல் தனக்குத் தெரிந்த தெலுங்கில் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, கோயில் பக்கத்தில் நிழலாக ஒரு மரத்தைப் பார்த்து வண்டியை ஒடித்து நிறுத்தினான். சொந்த வீட்டுக்குப் போக மற்றவர்கள் எழுந்திருக்கக் காத்திருப்பது அவர்களுக்குப் புதிது இல்லை.

அவர்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டாவது. முதலில் ஒரு பௌர்ணமிக்கு, எங்கேயும் ரூம் கிடைக்காத ஒரு குடும்பம் மழையில் வந்து கதவைத் தட்டியது. கூடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இவர்கள் சமையலறையில் படுத்தார்கள். அடுத்த பௌர்ணமிக்கு அந்தக் குடும்பம் இன்னொரு குடும்பத்தை அனுப்பியது. பிறகு பௌர்ணமி என்று இல்லாமல் சனி ஞாயிறு எல்லாமே கூட்டமாகிவிட்டது. படுக்கையறையைக் கேட்டார்கள், சமையலறையைக் கேட்டார்கள், முழு வீட்டையும் கேட்டார்கள். அந்த நாட்களில் இவர்கள் போளூரில் இருக்கிற எழிலரசியின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது தடவை போனபோது அக்காள் “வாங்க” என்று சொன்ன விதம் சரியாக இல்லை. அதற்கப்புறம் போகவில்லை.

மாடி கட்டினால் மேலே நாம் இருந்துகொண்டு கீழே வாடகைக்கு விடலாம் என்று சக்திவேல் சொன்னான். கட்டினார்கள். மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லோரும் மாடியைத்தான் முதலில் கேட்டார்கள்.

சக்திவேல் ஒரு பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் உதவியாளர். பழைய ஆம்னி ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, மடக்கி நிமிர்த்துகிற மாதிரி ஒரு பலகை செய்து போட்டான். அதன் மேல் ஃபோம். ஜன்னலுக்குக் கொசுவலை. அடியில் ஸ்டவ், குடம், துணிப்பை வைக்க இடம். நல்ல வேலை. யார் பார்த்தாலும் பாராட்டுவார்கள். வாரம் ஒரு தாலுகா என்று அவனே வைத்துக்கொண்டான். சாத்தனூர் அணையில் மீன் வறுவல், வந்தவாசியில் கோரைப்பாய், ஜவ்வாது மலையில் சாமை அரிசி. போகிற இடமெல்லாம் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பான். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, “ராணி மாதிரி ஊர் சுத்துறீங்க அண்ணி. எங்களுக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை எங்க” என்று குரல் செய்தி அனுப்புவாள். எழிலரசி ஒரு பூ அனுப்பி வைப்பாள்.

முதல் மழைக்காலம் வரைக்கும் அவளுக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பலகையில் காலை நீட்டினால் கதவு இடித்தது. காலை மடக்கினால் முட்டி வலித்தது. அவன் படுத்ததும் தூங்கிவிடுகிறவன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. பெட்ரோல் பங்கில் பூட்டு போட்டிருக்கும் கதவைத் திறக்கச் சொல்லி யாரோ ஒரு பையனிடம் சாவி கேட்பது அவளுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்பினால் அடுத்த வேலை. ஆறு படுக்கை விரிப்பு, தலையணை உறைகள், மூன்று பாத்ரூம். அவளுடைய தலையணையில் வேறு யாருடைய எண்ணெயோ இருக்கும். திங்கட்கிழமை காலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்க உட்கார்ந்தால், எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும்.

போன மாதம் டாக்டரிடம் போனாள். “ரத்தம் ரொம்ப கம்மியா இருக்கு. நல்லா படுத்துத் தூங்கி எழுந்திருங்க” என்றார். சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இன்று காலை சேத்துப்பட்டு டீக்கடையில் நின்றுகொண்டு அவனிடம் கேட்டாள்.

“அடுத்த வாரம் நாம வீட்ல இருக்கலாமாங்க?”

“அடுத்த சனிக்கிழம பௌர்ணமி, எழிலு.”

“தெரியும்.”

“தெரிஞ்சே கேக்குறியே.”

“மாடிய குடுங்க. கீழ நாம இருக்கலாம்.”

“ரெண்டும் சேத்துதான் சொல்லியிருக்காங்க. ஒரே குடும்பம். பிரிஞ்சி இருக்க மாட்டாங்க.” டீயை ஒரு முழுங்கு குடித்தான். “அடுத்த மாசம் பாக்கலாம்.”

இந்த ‘அடுத்த மாசம்’ அவளுக்குப் பழக்கம். அதற்கு மேல் பேசவில்லை. பேசுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பம்பை நின்றதும் சக்திவேல் வண்டியிலிருந்து இறங்கி வந்தான். கூட்டத்துக்கு நடுவில் பெண்டாட்டி கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

“இன்னா ஆச்சு?”

“உங்க வூட்டம்மா காப்பு கட்டிக்கினாங்க” என்றாள் முதலில் கத்தியவள். அவள் பெயர் பொன்னி. எழிலரசியின் வயதுதான் இருக்கும். மூக்குத்தி இரண்டு பக்கமும் போட்டிருந்தாள்.

“கட்டிக்கினா இன்னா?”

பூசாரி தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு விளக்கினார். “கட்டுனவங்க ராத்திரில ஊர் எல்லைய தாண்டித் தங்கக் கூடாதுப்பா. பகல்ல எங்க வேணா போகலாம், வேலை வெட்டி பாக்கலாம். பொழுது சாய ஊருக்குள்ள இருக்கணும். வெள்ளிக்கிழம கூழு ஊத்தி அவுக்கிற வரைக்கும்.”

“சாமி, அவளுக்குத் தெரியாது.”

“எனக்கு மட்டும் தெரிஞ்சா கட்டுனன்? நம்ம கோயிந்தன் மவ வந்துருக்குதுனு நெனச்சன். இடது கைய குடுன்னன், குடுத்துச்சி.”

“அண்ணாமலையார் ஊர்க்காரங்க, நம்ம மாரியாத்தாகிட்ட வந்து மாட்டிக்கினாங்க” என்று யாரோ பின்னால் சொன்னார். சிரித்தார்கள்.

“எங்க தங்கியிருக்கீங்க?” என்று பொன்னி கேட்டாள்.

“வண்டியிலதான்” என்றாள் எழிலரசி.

“வண்டியிலியா? ஏன், வூடு இல்லியா உங்களுக்கு?”

“இருக்கு. மாடி வீடு.”

“அப்புறம்?”

“வீட்ல ஆளுங்க இருக்காங்க.”

“யாரு, சொந்தக்காரங்களா?”

“இல்ல. யாருனு தெரியாது.”

பொன்னி மற்ற பெண்களைப் பார்த்தாள். “இன்னாடி சொல்லுது இது? வூட்ல யாரோ கீறாங்களாம். இவங்க கார்ல படுக்கிறாங்களாம்.”

“டூர்மா, டூர்” என்றான் சக்திவேல். “வாரா வாரம் ஊர் ஊரா பாத்துட்டு வருவோம். வண்டியிலயே எல்லா வசதியும் இருக்கு.”

“இந்த ஊர்ல பாக்க இன்னா கீது?” என்றாள் பொன்னி.

அவன் கோயிலையும் மரத்தடியில் நின்ற வண்டியையும் பார்த்தான்.

பூசாரி கோயிலுக்குள் போய் அம்மன் எதிரே கொஞ்ச நேரம் நின்றார். வேப்பிலையை எடுத்து வாய்க்குள் ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிவாக இருந்தது.

“ஒண்ணு பண்லாம். அசலூர்க்காரி, தெரியாம கட்டிக்கிச்சி. ஒரு சூடம் ஏத்தி, அம்மா காலாண்ட மஞ்சத்தண்ணி தெளிச்சி, தப்பா எடுத்துக்காதனு கேட்டுக்கினு அவுத்துடலாம். அம்மா கோச்சிக்க மாட்டா.”

“சூடம் நான் வாங்கிட்டு வரேன். கடை எங்க இருக்கு?” என்று சக்திவேல் சட்டைப்பையைத் தொட்டான்.

“வேணாங்க” என்றாள் எழிலரசி.

“கடை கிட்டதான் இருக்கும், எழிலு.”

“அவுக்க வேணாம். கட்டியாச்சு, இருக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. யோசித்துச் சொன்னதாகத் தோன்றவில்லை. கையை நீட்டிய மாதிரியே வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் வந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவள் விரும்பவில்லை. பூசாரி ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போனார். பம்பை மறுபடியும் ஆரம்பித்தது.

சக்திவேல் அவளை வண்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

“பயப்படுறியா?”

“ஆமா” என்றாள். அதுதான் சுலபமான பதில். மாரியம்மனிடம் அவளுக்குப் பயம் கிடையாது. சின்ன வயதில் அம்மை போட்டபோதுகூட அவள் பயப்படவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

“அவரே அவுத்துடலாங்கிறாரு. உனக்கு இன்னா?”

“அவரு சொல்றாரு. அப்புறம் ஏதாவது ஒண்ணு ஆச்சுனா?”

“வெள்ளிக்கிழம வரைக்கும் இங்கியா இருப்ப?”

“ராத்திரிக்கு மட்டும்தான். பகல்ல எங்க வேணா போகலாம்னு சொன்னாரே. காலையில இங்கருந்து பஸ்ல கடைக்குப் போயிடுறேன். நாளைக்கு மனு நாள் வேற. லீவு போட்டா ஓனர் கத்துவாரு.”

“கடைலருந்து நம்ம வீடுதான் கிட்ட. நீ அத விட்டுட்டு இங்க வருவியா?”

“பொழுது சாய எல்லைக்குள்ள இருக்கணும்ல.”

அவன் வண்டியின் மேல் கையை வைத்து நின்றான். கூரையில் படிந்திருந்த தூசியில் விரலால் கோடு இழுத்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதையே அவன் கேட்டான்.

“பெட்ஷீட்டெல்லாம்?”

“மிஷின்ல போட்டா அது தொவைக்கும்.”

“பாத்ரூமு?”

“ப்ரஷ்ஷு கதவுக்குப் பின்னாடி இருக்கு. மேல் பாத்ரூம்ல குழாய் லேசா ஒழுகும். அத இறுக்கிப் புடிச்சி மூடணும்.”

“எங்க படுப்ப? வண்டிய நான் எடுத்துக்கினு போகணுமே.”

அதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. பொன்னி பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள். கேட்காத மாதிரி பாவனைகூட செய்யவில்லை.

“எங்க வூட்ல படுக்கட்டும். எங்காளு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போயிட்டாரு, நானும் ஒண்டிதான். கட்டில் கீது, பேன் கீது. பாத்ரூமு கவர்மெண்டு கட்டிக் குடுத்தது கீது. அதுல வெறவு அடுக்கி வெச்சிருக்கன். எடுத்துப் போட்டுடறன்.”

“ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்றான் சக்திவேல்.

“கட்டுனவள ரோட்ல வுட்டா எங்க ஊருக்குத்தான் பேச்சு” என்றாள் பொன்னி. பிறகு எழிலரசியிடம் திரும்பி, “கறி மீனு தொடக் கூடாது. வூட்ல தாளிக்கக் கூடாது. குழம்பு சப்புனுதான் இருக்கும். இப்பவே சொல்லிட்டன்.”

“பரவால்லங்க.”

“என்னா ‘ங்க’? உன்ன வுட நான் ரெண்டு வயசு ஜாஸ்தி இருந்தா பெரிசு. அக்கானு கூப்புடு.”

போன் அடித்தது. வாரங்கல்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். சாவியைப் பூந்தொட்டிக்குக் கீழே வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நேற்று குழாயில் வேடி நீள்ளு, சுடுதண்ணீர், வரவில்லை என்றும் சொன்னார்கள். சக்திவேல் வருத்தம் தெரிவித்தான். போனை வைத்த பிறகும் அங்கேயே நின்றான். அவளுடைய மாற்றுப் புடவையும் மாத்திரையும் இருந்த துணிப்பையை எடுத்துக் கொடுத்தான்.

“நாளைக்குப் போன் பண்றேன்.”

“ம்.”

“வேணும்னா இப்பவே அவுத்துட்டு வந்துடு எழிலு. நான் சூடம் வாங்கறேன்.”

அவள் தலையை ஆட்டினாள். அவன் ஏறி உட்கார்ந்தான். ஆம்னி கோயிலைச் சுற்றி, எல்லையில் புதிதாகக் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே போயிற்று. கூரை தோரணத்தில் பட்டு இரண்டு இலை உதிர்ந்தது. கூடவே ஓடித் தடுத்திருக்கலாம். அவளுக்கு அப்படித் தோன்றாமல் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவனைத் தனியாக எங்கேயும் அனுப்பியதில்லை. அவன் பாத்ரூம் கழுவியும் அவள் பார்த்ததில்லை.

பொன்னி வீடு இரண்டு அறை. சிமெண்ட் ஷீட் கூரை. பொன்னி விறகை எடுத்துச் சுவரோரம் போட்டு, வாளியில் தண்ணீர் வைத்தாள். எழிலரசி குளித்தாள். யாரும் கதவைத் தட்டவில்லை. குளித்துவிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தாள். தாளிக்காத பருப்புக் குழம்பு சப்பென்றுதான் இருந்தது. இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டாள்.

“உம்புருசன் நல்ல ஆளாத்தான் தெரியிறாரு” என்றாள் பொன்னி, தட்டைக் கழுவிக்கொண்டே.

“நல்ல ஆளுதான்.”

“குடியா?”

“இல்லக்கா.”

“வேற பொம்பள?”

“சேச்சே.”

“அப்புறம் இன்னாடி?”

எழிலரசி கட்டிலில் உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். “தூக்கம் வருதுக்கா” என்றாள்.

“படு. யாரு வேணாங்கிறாங்க” என்றாள் பொன்னி.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பிள்ளைகள் பம்பைக்காரர் பின்னால் கத்திக்கொண்டு ஓடின. எழிலரசி மல்லாந்து படுத்துக் காலை நீட்டினாள். கால் எதிலும் இடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பொன்னி எழுப்பித்தான் எழுந்தாள். கீழ்பென்னாத்தூர் வரை ஷேர் ஆட்டோவில் போய் அங்கிருந்து பஸ் பிடித்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேங்கிக்கால் பஸ் மாறினாள். கடை திறப்பதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வீட்டுமனைப் பட்டா கேட்டுப் பலர், பாதைத் தகராறுக்கு ஒருவர், முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு கிழவர். டைப் அடித்துக் கொடுத்தாள். கிழவரின் பெயரில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. திருத்தி மறுபடி அடித்தாள். ஓனர் கையைப் பார்த்துவிட்டு என்ன கயிறு என்று கேட்டார். காப்பு என்றாள். அவர் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

மதியம் சக்திவேல் வந்தான். அரை நாள் லீவு போட்டிருந்தான். இரண்டு புடவையும் சோப்பும் கொண்டுவந்திருந்தான். அவன் உள்ளங்கை பிளீச்சிங் பவுடரில் வெளுத்திருந்தது. இரண்டு பேரும் பக்கத்துக் கடையில் சாம்பார் சாதம் சாப்பிட்டார்கள். கீழ் வீட்டுக்குப் பதிலாக வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, பௌர்ணமிக்கு வருகிற குடும்பத்திடம் பேசிவிட்டதாகச் சொன்னான். மாடி மட்டும் அவர்களுக்கு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவள் கேட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள் என்றான். அவள் சரி என்றாள். விரிப்புகளில் ஒன்று சாயம் போய் மற்றதில் ஒட்டிவிட்டது என்றான். அதற்கும் சரி என்றாள்.

சாயங்காலம் அவன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். கீழ்பென்னாத்தூரில் ஆட்டோவுக்கு நிற்க வேண்டியிருந்தது. வேப்பந்தாங்கலில் இறங்கியபோது வெயில் இன்னும் கொஞ்சம் இருந்தது. பொன்னி கொல்லைக்குப் போயிருந்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது, பூட்டவில்லை. எழிலரசி உள்ளே போய்ப் பையை வைத்தாள், கை கால் கழுவினாள், படுத்தாள்.